கட்டைவிரல் நகம் வளரும் வரை

யோகேஸ்வரன் தீப்பெட்டியைத் திறந்து கண்ணாடி மேசைமேல் கவிழ்த்தான். மூன்று நகங்கள் விழுந்தன. இளஞ்சிவப்பு நிறம், நுனியில் வெள்ளிக்கோடு. இரண்டு குப்புற விழுந்தன. மூன்றாவது மல்லாந்து கிடந்தது. அதன் அடியில் காய்ந்த இரத்தத்தோடு வெங்காயத் தோல்போல மெல்லியதாக ஏதோ ஒட்டியிருந்தது. அது என்னவென்று பிரேமினிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் சொந்த நகம்.

"இது நீங்க ஒட்டுனதுதானுங்களே, அக்கா?"

நாற்காலியில் ஒரு புருவம் மட்டும் திருத்தி முடிந்திருந்த வாடிக்கைக்காரப் பெண் கண்ணைத் திறந்து பார்த்தாள். பிரேமினி பல்லில் கடித்திருந்த புருவ நூல் நழுவியது.

"நாகலெட்சுமிக்கு என்ன?"

"வெரல்ல சீ வச்சிருச்சு. ரெண்டு நாளா சோறு அள்ளித் திங்க முடியல. அம்மா ஒங்களக் கையோட கூட்டியாறச் சொன்னாங்க. நீங்க வரலேன்னா அவங்களே வந்துருவாங்க."

மிரட்டுவதுபோல அவன் சொல்லவில்லை. மிரட்டத் தெரியாத ஆள். நாகலெட்சுமியோடு கலியாணம் முடிந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. கையில் கட்டிய மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை. பிரேமினி மிச்சப் புருவத்தைத் திருத்தினாள். அவசரத்தில் ஒரு முடி கூடுதலாகப் போயிற்று. அந்தப் பெண் எழுந்து போனாள். கீழே இறங்கும்போது படியில் யாரிடமோ நின்று பேசுவது கேட்டது.

அட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், இரும்புச் சாமான் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அழகு நிலையம். ஓர் அறை, ஒரு பெரிய கண்ணாடி, சாய்கிற நாற்காலி ஒன்று. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவள் பிரேமினி. அப்பா இராமையா கொழுந்து ஆலையில் வேலை செய்தார். பதின்மூன்று வயதில் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டம்மாவின் தங்கை காலி வீதியில் அழகு நிலையம் வைத்திருந்தாள். தரையில் விழும் முடியைக் கூட்ட ஆள் வேண்டுமென்று 93ஆம் ஆண்டு பிரேமினியை அங்கே அழைத்துக்கொண்டாள். முடி கூட்டியவள் தேத்தண்ணி ஊற்றினாள், பிறகு நூல் பிடித்தாள், பிறகு சடை பின்னினாள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி எட்டு வருடம் அந்த வீதியில் நடந்தாள்.

கடைசி இரண்டு வருடங்களில்தான் அக்ரிலிக் நகம் வந்தது. தூளையும் திரவத்தையும் தூரிகையில் குழைத்து நகத்தின்மேல் வைத்தால் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும். பிறகு அராவி வடிவம் கொடுக்க வேண்டும். கடைக்கார மேடத்தின் தோளுக்குப் பின்னால் நின்றே பிரேமினி அதைப் படித்துக்கொண்டாள். கழற்றுகிற வேலையை மட்டும் மேடம் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தானே செய்வாள். அதை ஏன் யாருக்கும் காட்டுவதில்லை என்று பிரேமினி ஒருநாளும் கேட்டதில்லை.

2001இல் அட்டனுக்குத் திரும்பி வந்து சொந்தமாகக் கடை போட்டாள். அடுத்த வருடம் சண்டை ஓய்ந்தது. தோட்டத்துக் கலியாணங்களுக்கும் வீடியோ எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். மணப்பெண் அலங்காரத்துக்கு அவளை விட்டால் ஆளில்லை என்ற நிலை இரண்டே வருடத்தில் வந்துவிட்டது.

2003 ஆவணியில் நாகலெட்சுமி வந்தாள். இருபத்து மூன்று வயது, ஐந்து வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள். நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு கையையும் மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். நகக் கண்ணிலெல்லாம் கொழுந்துக் கறை கறுப்பாக ஏறியிருந்தது.

"தேசிக்காப் புளி போட்டும் தேச்சுப் பாத்துட்டேன், அக்கா. போவ மாட்டேங்குது. மோதிரம் போடுறப்ப வீடியோவுல கையத்தானே கிட்டக்கக் காட்டுவாங்க? இத மறைக்க ஏதும் வழியிருக்கா?"

பிரேமினியின் அம்மாவுக்கும் அதே விரல்கள்தான். வழியிருக்கிறது என்றாள்.

வழக்கமாக வாங்கும் திரவம் தீர்ந்துபோயிருந்தது. கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடைக்காரன் பெரிய போத்தலில் மலிவாக வேறொன்று கொடுத்திருந்தான். மூடியைத் திறந்தாலே கண் எரிந்தது. பழையதின் நெடி இப்படி இருக்காது. பிரேமினி ஒரு நிமிடம் யோசித்தாள், பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். நகம் கல்லாக இறுகியது, அரம் வழுக்கியது. கலியாணத்தன்று உடையாது என்று உள்ளூர மகிழ்ந்தும் போனாள். "ரெண்டு கிழமையில வா புள்ள, நானே கழட்டித் தாரேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

இரண்டு வாரம் வரை எதுவும் காத்திருக்கவில்லை. மஸ்கெலியா பஸ்ஸில், ஜன்னலுக்கு வெளியே நீர்த்தேக்கம் வந்து போய்க்கொண்டிருக்க, நடந்ததை யோகேஸ்வரன் துண்டு துண்டாகச் சொன்னான். அவன் தோட்டத்தில் நாகலெட்சுமியின் பெயரைப் புதிதாகப் பதிந்து, கலியாணமான ஏழாம் நாளே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அந்த நகங்களோடேயே மலைக்குப் போனாள். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். முதல் மணித்தியாலத்திலேயே வலது கட்டைவிரல் நகம் தேயிலைச் செடியின் வாதில் மாட்டி அடியோடு தூக்கிக்கொண்டது. மழைத் தண்ணி உள்ளே இறங்கியது. வீட்டுக்கு வந்ததும் வலது கையில் மூன்றைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தார்கள். மிச்சம் இரண்டை அவளே பல்லால் கடித்துப் பிய்த்தாள். இடது கையைத் தொட யாருக்கும் துணிவு வரவில்லை.

"யாரு நெம்புனது?"

யோகேஸ்வரன் நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டான்.

லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் அவன் தாய் ராசம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடம் கூடை சுமந்து முன்பக்கம் வளைந்த உடம்பு. பிரேமினி கும்பிட்டாள். ராசம்மா நீட்டிய காலை மடக்கவில்லை.

"நீதான் நகக்காரியா? உள்ள போ. நீ செஞ்சத நீயே பாரு."

உள்ளே ஒற்றை அறைக் காம்பராவில் நாகலெட்சுமி சுவரோடு சாய்ந்திருந்தாள். வலது கையைச் சுற்றி மஞ்சள் பூசிய துணி. பிரேமினி மெல்ல அவிழ்த்தாள். கடைசிச் சுற்றில் துணி ஒட்டிக்கொண்டது. வெந்நீர் தொட்டு நனைத்து எடுக்க வேண்டியிருந்தது. சுண்டுவிரல் நகமும் மோதிர விரல் நகமும் தேய்ந்து தாள்போல் ஆகியிருந்தன. நடுவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் பாதி நகம் போய்ச் சிவந்த சதை தெரிந்தது. கட்டைவிரல் வீங்கி மினுமினுத்தது. ஒட்டிக்கொண்டிருந்த நகத்தின் அடியில் பச்சை நிறம் படர்ந்திருந்தது.

"இது என்னால ஆவாது. டாக்டர் ஐயாகிட்டக் காட்டணும். இப்பவே" என்றாள் பிரேமினி.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த டாக்டர் செல்வரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீழை வெட்டி வெளியேற்றியபோது நாகலெட்சுமி கத்தவில்லை. பிரேமினியின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஆர் இதை நெம்பினது?"

நாகலெட்சுமி வாசலைப் பார்த்தாள்.

"நான் அடிக்கப் போறேல்லை. எவ்வளவு ஆழமாக் கத்தி போனதெண்டு தெரிஞ்சால்தான் வேர் தப்பிச்சுதோ எண்டு சொல்லலாம்."

"நான்தானுங்க" என்றாள் ராசம்மா, வாசற்படியில் நின்றபடி. "விடிஞ்சா மறுபடி பெரட்டு. புதுப் பொண்ணு மொத வாரமே நின்னா கணக்கப்புள்ள பேர வெட்டிருவாரு. அவசரத்துல நெம்பிட்டேன். அது கூடவே தோலும் வரும்னு நெனக்கல."

செல்வரத்தினம் தலையை ஆட்டினார். பிறகு பிரேமினியின் பக்கம் திரும்பினார். "நீர் என்னத்தைப் போட்டு ஒட்டினீர்? நான் கேள்விப்பட்டமட்டிலை இது ஊறவைச்சால் கழன்று வரும். இது ஏன் வரேல்லை?"

போத்தல் பிரேமினியின் பையில்தான் இருந்தது. வரும்போது எதற்கென்று தெரியாமலே எடுத்துப் போட்டிருந்தாள். வழக்கமான மருந்துதான் ஐயா, அந்தப் புள்ள பொறுத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. வாசலில் நின்ற கிழவி இப்போதுதான் தன் குற்றத்தைத் தானே சொல்லி முடித்திருந்தாள்; அத்தனை பாரத்தையும் அவள் தலையிலேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடலாம்.

பையைத் திறந்து போத்தலை மேசைமேல் வைத்தாள்.

"இது வேற மருந்துங்க. நெடி மாறியிருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சுதான் போட்டேன்."

அவர் மூடியைத் திறந்து மோந்துவிட்டு உடனே மூடினார். "பல்லுக் கட்டுற இடத்திலை இந்த நெடி வரும். நகத்துக்குப் போடுற சாமான் மாதிரி எனக்குப் படேல்லை." வேறெதுவும் ஏசவில்லை. சீழுக்குக் குளிசை எழுதிக் கொடுத்தார். "மற்ற விரல் எல்லாம் வரும். இந்தக் கட்டைவிரல்... திரும்ப வருமெண்டு நான் வாக்குக் குடுக்க மாட்டன்."

வெளியே வந்ததும் ராசம்மா பிரேமினியின் எதிரே வந்து நின்றாள்.

"இவ வெரல்ல நகம் வர்ற வரைக்கும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நீ இங்க வரணும். என் கண்ணு முன்னால பாக்கணும். வராட்டி நான் அட்டன் டவுனுக்கு வந்து ஒன் கட வாசல்லயே குந்திக்குவேன்."

"வாரேங்க, மாமி."

"மாமின்னு சொல்லாத."

அன்றைக்கே இடது கையில் ஒட்டியிருந்த ஐந்து நகங்களையும் எடுக்க வேண்டியிருந்தது. பஞ்சை நகப்பூச்சு கழற்றும் அசிட்டோனில் நனைத்து ஒவ்வொரு நகத்தின் மேலும் வைத்து, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளால் சுற்றினாள். அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தால் மேற்பரப்பு மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது. இன்னொரு தடவை வைத்தாள். இன்னொரு தடவை. கடைசியில் அரத்தை எடுத்தாள். வாசல் வெளிச்சத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக அராவினாள். அதிகமாக அராவினால் சொந்த நகம் போய்விடும். சூடேறினால் உள்ளே கொப்புளிக்கும். பத்துத் தடவை அராவினால் ஒரு தடவை ஊதினாள். நாகலெட்சுமி கண்ணை இறுக்க மூடியிருந்தாள்.

"சுடுதா புள்ள?"

"இல்லக்கா."

"சுட்டாச் சொல்லணும். பொறுத்துக்கிறாத."

ராசம்மா எதிரிலேயே குந்தியிருந்தாள், ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. நான்கு மணித்தியாலம் சென்றது. கடைசி நகத்தில் ஒரு மெல்லிய படலத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டாள் பிரேமினி. அது வளர்ந்து தானாக வெட்டுப்படட்டும். அரம் பிடித்த அவள் விரலிலும் தோல் உரிந்திருந்தது. ஐந்து நகமும் உயிரோடு இருந்தன. மெலிந்து, தொட்டாலே மடியும் நிலையில், ஆனாலும் இருந்தன.

எல்லா நகத்தையும் ஒட்ட வெட்டினாள். காயமில்லாத விரல்களின் நக வேரில் காலையும் மாலையும் தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொன்னாள். பீலிக் குழாய்த் தண்ணியில் கை வைக்கக்கூடாது, மஞ்சள் அப்பக்கூடாது, உரிந்து நிற்பதைப் பிய்க்கக்கூடாது.

"அப்ப வீட்டு வேலைய யாரு பாக்குறது?" என்று கேட்டாள் ராசம்மா. கேட்டவளே அடுத்த நாளிலிருந்து பார்த்தாள். மலையிலிருந்து வந்து, மருமகளின் துணியையும் பீலிக்கரையில் துவைத்தாள். மற்றப் பெண்கள் கேலி பேசினார்கள். அவள் துவைத்துக்கொண்டே இருந்தாளாம். வேலைப் பதிவிலிருந்து பெயர் வெட்டுப்படாமல் செல்வரத்தினம் கடிதம் கொடுத்தார். கை ஆறும்வரை நாகலெட்சுமி புள்ள காம்பராவில், கொழுந்துக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

பிரேமினி ஞாயிறு தவறாமல் வந்தாள். அட்டனில் பேச்சு பரவிவிட்டிருந்தது. புரட்டாசியில் பேசி வைத்திருந்த இரண்டு மணப்பெண்கள் வரவில்லை. அந்தப் போத்தலை அவள் என்றைக்கோ குழி தோண்டி ஊற்றிவிட்டாள்.

மூன்றாவது வாரம் இடது மோதிர விரல் நகம் குறுக்கே வெடித்தது. வெடிப்பு சதைவரை போனால் மறுபடி சீழ் வைக்கும். மேடம் இப்படியான வெடிப்புக்குப் நகத்துக்கென்றே விற்கும் மெல்லிய பட்டுத் துணியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டுவாள். அட்டனில் அது கிடைக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியில் வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டு ஒரு தேயிலைப் பை வாங்கி வந்தாள். ராசம்மா அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, பிரித்து, தூளை உள்ளங்கையில் கொட்டி மோந்தாள்.

"இதுக்குள்ள போட்டா குடிக்கிறாங்க? நம்ம மலைக் கொழுந்தையா?"

"ஆமாங்க."

"பொணத்தக் கட்டுற மாதிரி கட்டியிருக்கானுக."

நாகலெட்சுமி அந்த மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். பிரேமினி அந்த மெல்லிய தாளில் நகத்தின் அளவுக்கு ஒரு கீற்று வெட்டி, வெடிப்பின்மேல் வைத்து, நகப் பசையால் ஒட்டி, காய்ந்ததும் மெல்லத் தேய்த்து விட்டாள். பிடித்துக்கொண்டது.

நான்காவது வாரம் வலது கட்டைவிரலில் மிச்சமிருந்த நகமும் கழன்று விழுந்தது. ராசம்மா அதைத் தாளில் மடித்து வைத்திருந்தாள். நகம் இருந்த இடத்தில் வழவழவென்று தோல் மட்டும். வேரின் அடையாளமே தெரியவில்லை. பிரேமினி அந்த விரலை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"வருமா?" ராசம்மா கேட்டாள்.

"தெரியலைங்க."

"தெரியலன்னு சொல்றதுக்கா பஸ் ஏறி வந்த?"

ஐப்பசியில் கலியாண வீடியோ கசெட் வந்து சேர்ந்தது. பக்கத்துக் காம்பராவில் டிவி இருந்தது. லயமே அங்கே கூடிற்று. பிரேமினியையும் உட்காரச் சொன்னார்கள். மோதிரம் போடும் இடத்தில் கமரா கைக்குக் கிட்டே போய் நின்றது. இளஞ்சிவப்பு நகங்கள், வெள்ளிக்கோடு. "எவ்வளவு வடிவா இருக்கு, சினிமாக்காரி மாதிரி" என்றாள் ஒருத்தி. நாகலெட்சுமி கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு எழுந்து வெளியே போனாள். பிரேமினி பின்னால் ஓடினாள். இஸ்தோப்பு மூலையில் நின்று அவள் சொன்னாள்:

"அவரு என் கையப் புடிச்சு ரெண்டு மாசமாச்சு, அக்கா. நான்தான் குடுக்க மாட்டேங்கிறேன். பாத்தா அருவருப்பா இருக்கும்ல?"

அன்று திரும்பும் பஸ்ஸில், இந்தப் பெண்ணின் நகம் வராவிட்டால் கடையை மூடிவிட்டுப் பொகவந்தலாவைக்கே போய்விடுவது என்று முடிவெடுத்தாள் பிரேமினி.

மற்ற விரல்கள் மெல்ல ஏறின. பிறைபோல வேரில் தோன்றி, தாள் நகத்தைத் தள்ளிக்கொண்டு தடித்த நகம் வந்தது. பிரேமினி ஒவ்வொரு ஞாயிறும் நுனியிலிருந்து மெலிந்ததை வெட்டினாள். கட்டைவிரல் மட்டும் அப்படியே கிடந்தது. கார்த்திகை பாதி போயிற்று.

ஒரு புதன்கிழமை கீழே இரும்புக் கடை முதலாளி மேலே பார்த்துக் கூப்பிட்டார். "மஸ்கெலியாவுலருந்து கோல் வந்திருக்கு, புள்ள."

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அங்கிருந்து யாரும் கூப்பிட்டதில்லை. பிரேமினி ஓடி இறங்கியதில் படியில் இரண்டு தடவை சறுக்கினாள். ரிசீவரைக் காதில் வைத்தாள்.

"அக்கா? நான் யோகேஸ்வரன். நூலு மாட்டிக்கிச்சாம்."

"என்ன நூலு?"

"புள்ள காம்பராவுல ஒரு கொழந்தைக்குக் கம்பளித் தொப்பி போட்டுவிட்டிருக்கா. கட்டவெரலு அடியில நூலு மாட்டிக்கிச்சாம். பாத்தா உள்ளருந்து வெள்ளையா, கூரா, மயிரெழையளவு ஏதோ வந்திருக்கு. டாக்டர் ஐயா பாத்துட்டு நகந்தான்னு சொன்னாரு."

சுவரில் சாய்ந்து, அந்த இரும்புக் கடையில் ஆணி வாங்க வந்தவர்கள் பார்க்கப் பார்க்க, பிரேமினி அழுதாள்.

தையில் அது பாதிவரை வந்தது. நேராக வரவில்லை, நடுவில் ஒரு வரப்பு மேடாக ஓடியது. அது இனிப் போகாது என்றார் செல்வரத்தினம். அந்த மாதம் பிரேமினி ஒரு வாரம் கடையைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போய், பழைய மேடத்தின் முன்னால் நின்று, கழற்றுவதைச் சொல்லித் தாங்க என்று கேட்டாள். மேடம் நெடுநேரம் திட்டினாள். பிறகு உள்ளறைக் கதவைத் திறந்தாள்.

மாசி கடைசியில் நாகலெட்சுமி மறுபடி பெரட்டுக்குப் போனாள். பிரேமினி வாரநாள் என்றும் பாராமல் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், மலையடிவாரத்துப் பாதையில் நின்றாள். மேலே இருபது பேர் வரிசையாகப் பறித்துக்கொண்டு நகர்ந்தார்கள். பகல் நிறுவைக்கு இறங்கியபோது நாகலெட்சுமியின் கூடையில் ஏழு கிலோதான் இருந்தது. கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

"வலிக்குதா?"

"வலிக்குதுக்கா. ஆனா நகம் அசையல."

யோகேஸ்வரன் செடி வெட்டும் கவ்வாத்து மலையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்தான். நாகலெட்சுமி இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்க முடியாமல் முடிச்சோடு மல்லாடினாள். அவன் கையைக் கொடுத்தான், அவள் விலக்கவில்லை.

ராசம்மா தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து முதலில் மருமகளுக்கு ஊற்றினாள், பிறகு மகனுக்கு. மூடியில் மிச்சமிருந்ததைப் பிரேமினியிடம் நீட்டினாள். அன்றைக்கும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"குடிச்சிட்டுப் போ, நகக்காரி. ஒரு மணி பஸ்ஸ விட்டா பொறவு மூணு மணிக்குத்தான்."